நகையும் நடிப்பே

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்து ஓதினார் ஆசிரியர் தொல்காப்பியனார். அழுகைக்கு அவர் தந்தது இரண்டாம் இடமே. ஆயினும் நாம், நாடக மேடையையும் வெள்ளித்திரையையும் மதிப்பிடும் காலத்து, அவ்வரிசையைத் தலைகீழாக மாற்றி, அழவைப்பவனை நடிகன் என்றும் சிரிக்க வைப்பவனை விகடன் என்றும் வகுத்து வைத்திருக்கின்றோம். இவ்வழக்கம் பிழையுடைத்து என்பதையும், அப்பிழையால் புதுக்கோட்டை மண் ஈன்ற பெருநடிகர் ஒருவரின் அரிய ஆற்றல் உரிய மதிப்பைப் பெறாது போயிற்று என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுதல் நேர்மை. சென்ற கல்லூரி நாள் விழாவையொட்டி நடைபெற்ற நாடகப் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாக அமரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இறுதிச் சுற்றில் இரு மாணவர் எஞ்சினர். ஒருவர், மகனைப் பறிகொடுத்த அரசராகத் தோன்றி, கண்ணீர் பெருக்கி, நெஞ்சில் அறைந்துகொண்டு புலம்பினார். மற்றவர், மனைவியின் சொல்லுக்கு அஞ்சி விருந்தினர்முன் பொய்மேற் பொய் அடுக்கி அகப்பட்டுக்கொள்ளும் ஏழைக் குமாஸ்தாவாக நடித்தார். அவர் குரலை ஒருமுறையேனும் உயர்த்தவில்லை, முகத்தைக் கோணவில்லை, ஆயினும் மண்டபம் முழுவதும் குலுங்கிச் சிரித்தது. பரிசு அரசருக்கே சென்றது. அங்ஙனம் தீர்ப்பளித்தவருள் யானும் ஒருவன். விழா முடிந்து வெளியே வருங்கால், குமாஸ்தாவாக நடித்த அம்மாணவர் என்னை அணுகி வணங்கி, “ஐயா, பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தம் இல்லை. சிரிக்க வைப்பது நடிப்பில் சேருமா, சேராதா என்பதை மட்டும் அறிய விரும்புகிறேன்” என்றார். அவ்வினாவிற்கு அன்று யான் தக்க விடை பகரவில்லை. “நன்றாகச் செய்தாய், தம்பி” என்று முதுகில் தட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த விடையையே இங்கு, சற்றுக் காலந்தாழ்த்தேனும், எழுத முற்படுகின்றேன். எடுத்துக்காட்டாக யான் கொள்வது ஜெமினி கணேசனை.

ராமசாமி கணேசன் என்னும் இயற்பெயருடைய இவர் 1920-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள், அந்நாளில் தனி அரசாக விளங்கிய புதுக்கோட்டையிற் பிறந்தவர். இந்தியாவில் சட்டசபை உறுப்பினராக அமர்ந்த முதற் பெண்மணியென்று போற்றப்படும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் இவருக்கு அத்தை முறையினர். இவர் பட்டம் பெற்றதும், இரசாயன ஆசிரியராகச் சிறிது காலம் பணியாற்றியதும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில். எனவே, மிஷன் கல்லூரியொன்றின் மலரில் இவரைப் பற்றி எழுதுவது, உறவினர் ஒருவரைப் பற்றி எழுதுவது போலவே நமக்கு அமையும். 1947-இல் ஜெமினி ஸ்டூடியோவில் அலுவலராகச் சேர்ந்தமையின், அந்நிறுவனத்தின் பெயரே பின்னர் இவர் பெயரின் முன்னொட்டாக நிலைபெற்றது. 2005-ஆம் ஆண்டு மார்ச்சு 22-இல் சென்னையில் மறைந்தார்.

இவர் முதன்முதலாகத் திரையிற் சிறு வேடத்தில் தோன்றிய படம் 1947-இல் வெளிவந்த ‘மிஸ் மாலினி’. ஆர். கே. நாராயண் கதை வகுக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படம், நாடக சினிமா உலகத்தின் பொய்ம்மையை எள்ளி நகையாடியதொன்று. இவ்வாறு, நகைச்சுவைப் படத்தின் வாயிலாகவே திரைக்குள் நுழைந்த இவரை, நாளடைவில் உலகம் அறிந்துகொண்டது வேறொரு முகத்தால். 1952-இல் ‘தாய் உள்ளம்’ படத்தில் வில்லனாகத் தோன்றிக் கவனத்தைக் கவர்ந்தார். 1953-இல் ‘மனம் போல மாங்கல்யம்’ படத்தில் இரட்டை வேடந் தாங்கிக் கதாநாயகரானார். 1959-இல் ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ வெளிவந்தது. காதலித்த மங்கையின் மணப்பந்தலில், தன் குழந்தையை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு ஒற்றை ஆளாய் நடந்து மறையும் அவ்வுருவம் தமிழ் மக்களின் நெஞ்சிற் பதிந்தது. ‘காதல் மன்னன்’ என்னும் பட்டமும் ஒட்டிக்கொண்டது. 1971-இல் பத்மஸ்ரீ விருதும் வந்தது. காதலர், தியாகி, கண்ணீர் விடும் கணவர் என்ற மூன்று சொற்களுள் அவரை அடக்கிவிட்டு உலகம் அமைதியுற்றது. அவருடைய நகைச்சுவையை நாம் ரசிக்காமல் இல்லை. ரசித்தோம், ஆனால் அதனை அவர் திறமை என்று கணக்கில் எழுதவில்லை.

இங்ஙனம் நேர்ந்தமைக்கு ஒரு காரணம் நமது நாடக மரபிலேயே உளது. சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் முதலிய ஊர்களின் நடிகர் சங்கங்களிலிருந்து ராஜபார்ட் ஒருவரையும், ஸ்திரீபார்ட் ஒருவரையும், பபூன் ஒருவரையும் தனித்தனியே பேசி வரவழைத்து, ஓரிரவு நாடகம் நடத்துவது திருவிழா வழக்கு. ராஜபார்ட்டின் வேலை பாடுதல், தர்க்கம் செய்தல், வீரமும் சோகமும் காட்டுதல். சிரிப்பு பபூனின் தனிச்சொத்து. ராஜபார்ட் சிரிப்பு மூட்டினால் அரசனுக்குரிய கம்பீரம் கெடும் என்று கருதுவர். இவ்வேலைப் பங்கீடு மேடையிலிருந்து அப்படியே திரைக்குக் குடிபெயர்ந்தது. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தம் குழுவினருடன் தனியே அமைத்த ஹாஸ்யக் காட்சிகள் படத்தினிடையே சேர்க்கப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. பின்னர்த் தங்கவேலு, சந்திரபாபு, நாகேஷ் முதலியோர் அவ்விடத்தை நிரப்பினர். அவர்தம் பெருமையை யான் குறைக்கவில்லை. சிரிப்பிற்கெனத் தனி வரிசை ஒன்று இருந்தமையால், அவ்வரிசைக்கு வெளியே நின்ற ஒருவர் சிரிக்க வைத்தபோது அச்சிரிப்பு யாருடையதென்று நாம் ஆராயவில்லை என்பதையே சுட்டுகின்றேன். புதுக்கோட்டை தந்த மற்றொரு பெருநடிகராகிய பி. யு. சின்னப்பாவை (1916–1951) நாம் பாட்டிற்கும் வீரத்திற்கும் நினைவுகூர்வதும் இந்த ராஜபார்ட் மரபினாலேயே.

இனி, நகையின் இலக்கணத்திற்கு வருவோம். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்பர் தொல்காப்பியனார்: பிறரை எள்ளுதல், இளமை, பேதைமை, மடமை. இவற்றுட் பேதைமையும் மடமையும் ஒன்று போலத் தோன்றினும், உரையாசிரியர் அவற்றிடையே நுண்ணிய வேறுபாடு காட்டுவர். பேதைமையாவது அறிவின்மை. மடமையாவது, பிறர் கொளுத்தியதை உண்மையென்று பற்றிக்கொண்டு, பற்றியதைப் பின் விடாதிருத்தல். ஜெமினி கணேசனின் படங்கள் மூன்றை எடுத்துக்கொண்டு பார்த்தால், இந்நான்கனுள் மூன்று அவரிடத்து வெவ்வேறு வகையில் தொழிற்படுவதைக் காணலாம்.

இளமையின் நகையை ‘மிஸ்ஸியம்மா’விற் காண்கின்றோம். விஜயா நிறுவனத்தாரின் படைப்பாக, எல். வி. பிரசாத்தின் இயக்கத்தில் 1955-இல் வெளிவந்த படம் அது. பட்டம் பெற்றும் வேலை கிடையாது அலையும் இந்து இளைஞன் ஒருவனும், கடன் தொல்லையால் வேலை தேடும் மேரி என்னும் கிறித்தவப் பெண்ணும், கணவனும் மனைவியுமாய் உள்ள ஆசிரியர் இருவரே தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு, தம்பதியராக நடித்துப் பள்ளியொன்றில் அமர்கின்றனர். ஊரார்முன் கணவன், அறைக்குள் அயலான் என்னும் இவ்விரட்டை நிலையே படத்தின் உயிர். சாவித்திரியின் மேரிக்கு வெடுக்கென்று சினம் எழும். அச்சினம் எழுந்தோறும் ஜெமினி கணேசன் செய்வது யாது? ஒன்றும் செய்யாததுபோல் நிற்பார். ஒரு கணம் கண்ணைத் தாழ்த்துவார். வீட்டுக்காரர் பார்க்கின்றாரா என்று ஒருபுறம் நோக்குவார். பின் கணவனுக்குரிய உரிமைப் புன்னகையை முகத்தில் வருவித்துக்கொள்வார். அப்புன்னகை வந்து சேர்வதற்கு எடுத்துக்கொள்ளும் அரைக்கணத் தாமதத்திலேதான் நகை பிறக்கின்றது. நிலவை அழைத்து, வீட்டில் உள்ளவளைப் பற்றி அதனிடம் முறையிடும் பாட்டுக் காட்சியிலும் அவர் முகத்தில் இருப்பது ஏளனமன்று. வழக்கில் தோற்கப்போவதை அறிந்தும் நீதிமன்றம் ஏறும் வாதியின் பொறுமை. ஏ. எம். ராஜாவின் மென்குரல் அப்பொறுமைக்கு இசைந்து ஒலிக்கின்றது.

இப்படத்தின் நகைச்சுவைக்குக் காரணர் துப்பறிபவராக வரும் தங்கவேலுவும், வீட்டுத் தலைவராக வரும் ரங்காராவுமே என்று சிலர் கூறக்கூடும். அவர்கள் பங்கு பெரிதென்பதில் ஐயமில்லை. ஆயின் அக்கதையின் முரணைத் தாங்கி நிற்பது கதாநாயகனின் முகமே. அம்முகம் சற்று மிகுதியாக விகடஞ் செய்திருப்பின் காதல் பொய்யாகியிருக்கும். சற்றுக் குறைவாகச் செய்திருப்பின் கதை நகராது நின்றிருக்கும். தெலுங்கில் இதே வேடத்தை என். டி. ராமராவ் ஏற்றார். 1957-இல் ‘மிஸ் மேரி’ என இந்தியில் இக்கதையை எடுத்தபோது, மீனாகுமாரிக்கு எதிரே நடிப்பதற்கு ஜெமினி கணேசனையே அழைத்தனர். துப்பறிபவர் வேடத்திற்குத் தங்கவேலுவுக்கு மாற்றாகக் கிஷோர் குமார் வந்தார். மொழி மாறிற்று; உடன் நடித்தோர் மாறினர்; கதாநாயகர் மட்டும் மாறவில்லை. அவ்வேடத்திற்கு இவர் எத்துணைப் பொருந்தினார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இளமையின் இதே நகை 1961-இல் காஷ்மீரத்திற் படமாக்கப்பட்ட ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’விலும் உண்டு. ‘கல்யாண பரிசு’விற் கண்ணீரை வாங்கிய இயக்குநரே, இரண்டாண்டு கழித்து, அதே நடிகரிடம் சிரிப்பை வாங்கினார். எனினும் மக்கள் நினைவில் நிலைத்தது முன்னையதே.

எள்ளலின் நகைக்கு ‘நான் அவனில்லை’ படத்தைக் காண்க. 1974-இல் கே. பாலசந்தர் இயக்கத்தில், ஜெமினி கணேசனே பொருள் செலவிட்டுத் தயாரித்த படம் அது. ஆசார்ய அத்ரே எழுதிப் புகழ்பெற்ற மராத்தி நாடகம் அதற்கு மூலம். பெண்கள் பலரை வெவ்வேறு பெயராலும் வேடத்தாலும் ஏமாற்றியதாகக் குற்றஞ் சாட்டப்பெற்ற ஒருவன், நீதிமன்றக் கூண்டில் நின்று, தான் அவன் அல்லன் என ஒவ்வொரு முறையும் மறுப்பதே கதை. இங்கு நகை, ஏமாற்றுபவனின் சாமர்த்தியத்திலும், ஏமாறும் சமூகத்தின் ஆசையிலும் சேர்ந்து பிறக்கின்றது. ஒரு நொடியில் பக்தி, மறுநொடியில் பணிவு, அதற்கடுத்து அதிகாரம் என முகம் மாறும். கண்கள் மட்டும் மாறாமல் நம்மைக் கணக்கெடுத்துக்கொண்டே இருக்கும். காதல் மன்னன் என்ற தம் பட்டத்தையே அவர் இங்கு எள்ளி நகையாடுகின்றார் என்று யான் கருதுகின்றேன். காதல் மொழி பேசுவதற்கென்றே உலகம் கொண்டாடிய அதே குரலை, பொய் பேசும் கருவியாக்கிக் காட்டுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! ஃபிலிம்ஃபேர் இதழினர் இப்படத்திற்காக அவருக்குச் சிறந்த நடிகர் விருது அளித்தனர். மக்கள் ஆதரவோ அக்காலத்து மிகுதியாகக் கிட்டவில்லை. இதே பெயருடன் 2007-இல் இக்கதை மீண்டும் படமாகி வெற்றி கண்டபோது, முன்னைய படத்தை நினைந்தவர் சிலரே.

இனி மடமையின் நகை. இது ‘அவ்வை சண்முகி’யில், அவர் எழுபத்தைந்தைக் கடந்த பருவத்தில், 1996-இல் வெளிப்பட்டது. 1993-இல் வந்த ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ என்னும் ஆங்கிலப் படத்தைத் தழுவி, கே. எஸ். ரவிகுமார் இயக்க, கிரேசி மோகன் உரையாடல் வரைந்த படம். மனைவியைப் பிரிந்த ஏழைக் கலைஞன் ஒருவன், தன் மகளைக் காணும் பொருட்டு, முதுபெண் வேடம் பூண்டு மாமனார் வீட்டிற் பணிக்குச் சேர்கின்றான். அவ்வேடம் பூண்டவர் கமல்ஹாசன். தோல் வணிகம் செய்துகொண்டே ஆசாரம் பேசும் மாமனார் விசுவநாத ஐயராக வருபவர் ஜெமினி கணேசன். வீட்டிற்கு வந்த மாமியிடம் அவர் மனம் பறிகொடுக்கின்றார். ஆங்கிலப் படத்தில் இத்தகைய மாமனார் பாத்திரம் இல்லை. இது தமிழ்ப் படத்தார் புதிதாகச் சேர்த்தது.

இவ்வேடம் எளிதிற் கெடக்கூடியது. முதியவர் ஒருவரின் மோகத்தைத் திரையிற் காட்டும்போது, ஒரு விரற்கடை பிசகினும் ஆபாசமாகும். ஜெமினி கணேசன் அதனை எங்ஙனம் காத்தார்? தம் பாத்திரத்தைப் பார்த்துத் தாம் சிரிக்கவேயில்லை. ஐயரின் காதலை முழு உண்மையாகவே நடித்தார். இருபத்தைந்து வயதுக் காதலனுக்குரிய தயக்கம், மரியாதை, நாணம், குரற்குழைவு யாவும் அங்கு உள. 1955-இல் சாவித்திரியின்முன் தாழ்ந்த அதே கண்கள், நாற்பது ஆண்டு கழிந்து, புடவையுடுத்த கமல்ஹாசனின்முன் தாழ்கின்றன. உரையாசிரியர் கூறும் மடமை இதுவே: கண்டதை மெய்யென்று பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருக்கும் நிலை. நமக்கு உண்மை தெரியும், அவருக்குத் தெரியாது, அவர் எவ்வளவு உண்மையாகக் காதலிக்கின்றாரோ அவ்வளவு நாம் சிரிக்கின்றோம். அச்சிரிப்பின் அடியில் ஓர் அறமும் உளது. ஏழையென்று மருமகனை இகழ்ந்த செல்வச் செருக்கு, அம்மருமகனின் காலடியிலேயே, அவனென்று அறியாமல், மண்டியிடுகின்றது. இதனையுணர்ந்தோர் அக்காட்சிகளில் ஆபாசம் காணார்.

இங்கே ஒரு செய்தியை நினைவூட்டுதல் தகும். கமல்ஹாசன் சிறுவனாக முதன்முதல் திரையிற் தோன்றிய ‘களத்தூர் கண்ணம்மா’வில் (1960) அவருக்குத் தந்தையாக நடித்தவர் இதே ஜெமினி கணேசன். அப்படத்தில் மகனைப் பிரிந்து வருந்தும் தந்தையாக அழவைத்தவர், முப்பத்தாறு ஆண்டு கழித்து, அதே மகன் பெண்வேடம் பூண்டு வர, அவரிடம் ஏமாறுபவராகச் சிரிக்க வைத்தார். இரண்டிற்கும் அவர் பயன்படுத்திய கருவி ஒன்றே. அதுதான் நம்பிக்கையுடன் நோக்கும் முகம். அந்நம்பிக்கை பொய்த்தலை எண்ணி ஒருகால் அழுதோம், மறுகால் சிரித்தோம். அழுகைக்குரிய நடிப்பு வேறு, நகைக்குரிய நடிப்பு வேறு என்று பிரித்துரைப்போர் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பாராக.

சிவாஜி கணேசனும் நகைச்சுவையில் வல்லவரே, ‘பலே பாண்டியா’வில் (1962) மூன்று வேடந் தாங்கி அவர் ஆடிய ஆட்டத்தை யாவரும் புகழ்கின்றனரே, அங்ஙனமாயின் கதாநாயகரின் நகைச்சுவையை உலகம் மதிப்பதில்லை என்பது பொருந்துமோ என்று ஒருவர் வினவலாம். தக்க வினாவே. சிவாஜியின் நகைச்சுவை வெளிப்படையானது. ‘இதோ, இப்பொழுது வேறொரு மனிதனாகின்றேன்’ என்று அது நமக்கு அறிவித்துவிட்டு வரும். நாமும் கைதட்ட ஆயத்தமாவோம். ஜெமினி கணேசனின் நகைச்சுவை அறிவிப்பின்றி வருவது. அது தன் இயல்பே என்பதுபோல் நடப்பார். சிரிப்பொலி எழுந்தவுடன் அதனை எதிரே நிற்பவருக்குக் கொடுத்துவிடுவார். தங்கவேலுவும், ரங்காராவும், சாவித்திரியும், கமல்ஹாசனும் அவர் எதிரே நின்று ஓங்கியதற்கு, அவர் இடங்கொடுத்து நின்றமையும் ஒரு காரணம். கொடுத்தவரைக் கணக்கில் எழுதாமற் பெற்றவரை மட்டும் எழுதும் கணக்குப் புத்தகம் நம்முடையது.

இப்பிழை தமிழர்க்கே உரியதன்று. அமெரிக்க நாட்டு நடிகர் கேரி கிராண்ட், அழகிய கதாநாயகராகவும் நகைச்சுவையில் ஒப்பற்றவராகவும் விளங்கியவர். அவரை ஆஸ்கார் விருதிற்கு இருமுறை முன்மொழிந்தனர். இருமுறையும் உருக்கமான படங்களுக்காகவே. உலகைச் சிரிக்க வைத்த அவருடைய படம் ஒன்றையேனும் அவ்வகையிற் கருதவில்லை. திரையுலகை விட்டு ஒதுங்கிய பின்னர், 1970-இல், கௌரவ விருதொன்றை வழங்கி அக்குறையைத் தீர்த்துக்கொண்டனர். எளிதாகத் தோன்றுவது எளிதே என்று எண்ணும் மயக்கம் எந்நாட்டார்க்கும் பொதுப்போலும்.

ஜெமினி கணேசன் தம் வாழ்நாளில் விருதும் புகழும் பெறாதவர் அல்லர். ஆதலின் அவருக்காக யாம் இரங்கவேண்டுவதில்லை. நாம் கவலைகொள்ள வேண்டுவது நம் மதிப்பீட்டு முறையைக் குறித்தே. அழுபவனுக்கே பரிசு என்று மாணவர் அறிந்துகொள்வராயின், அடுத்த ஆண்டு மேடையெங்கும் அழுகையே நிறையும். கண்ணீர் விடுவது எளிதென்று யான் கூறவில்லை. ஆனால் அழும் நடிகன் பிழைசெய்யினும் அவையோர் மரியாதைக்காகவேனும் அமைதி காப்பர். நகைச்சுவை நடிகனுக்கு அச்சலுகை இல்லை. சிரிப்பு வரவில்லையாயின் அவன் தோல்வி அந்நொடியே அனைவர்க்கும் தெரிந்துவிடும். மேலும், அழும் அரசனாக நடிப்பவன் பெரியவனாகத் தோன்றுகின்றான். அஞ்சும் குமாஸ்தாவாக நடிப்பவன் தன்னைச் சிறியவனாக்கிக் காட்ட இசைய வேண்டும. இளமையில் அழகிற்கும் காதலுக்கும் உலகப் புகழ் பெற்ற ஒருவர், முதுமையில் ஊர் சிரிக்கத் தம் முகத்தைத் தந்தார் எனின், அதற்கு வேண்டிய மனப்பக்குவம் சிறிதன்று.

இக்கருத்தை நண்பர் சிலரிடம் யான் கூறியபோது, “அங்ஙனமாயின் ஹாஸ்ய நடிப்பிற்கெனத் தனிப் பரிசொன்று ஏற்படுத்திவிடலாமே” என்றனர். அவர்தம் நல்லெண்ணத்தைப் போற்றுகின்றேன், யோசனையை ஏற்கவில்லை. தனிப் பரிசு என்பது மீண்டும் பபூனுக்குத் தனி வரிசை வகுப்பதேயாகும். ‘நீ சிறந்த நடிகன் அல்லை, சிறந்த சிரிப்பு நடிகன்’ என்று சொல்லி வெளித் திண்ணையில் இலை போடுவது அது. பந்தி ஒன்றே, பரிசும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நடுவராக அமர்வோர் அழுகையையும் நகையையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தல் வேண்டும். பாத்திரத்தின் உண்மையை எவன் இறுதிவரை நழுவவிடாது பற்றி நின்றான், உடன் நடிப்பவனுக்கு எவன் இடங்கொடுத்தான், அவையோரின் நெஞ்சை எவன் அசைத்தான் என்பனவே வினாக்கள். அசைந்த நெஞ்சு கண்வழியாக வெளிப்பட்டதா, வாய்வழியாக வெளிப்பட்டதா என்பது நடுவர் ஆராயத் தக்கதன்று.

இத்துலாக்கோலில் நிறுத்தால், சென்ற விழாவில் யான் அளித்த மதிப்பெண் தவறு என்பதை இங்கு ஒப்புக்கொள்கின்றேன். கொடுத்த பரிசைத் திரும்பப் பெறுதல் முறையன்று; அரசராக நடித்த மாணவரும் நன்கு உழைத்தவரே. ஆயின் அன்று வினவிய மாணவருக்குரிய விடையை இம்மலரின் வாயிலாகவேனும் சொல்லிவிடல் வேண்டும். ஆம் தம்பி, சிரிக்க வைப்பதும் நடிப்பே. நின் ஊருக்கு அண்மையிற் பிறந்து, நின்னைப் போலவே மிஷன் கல்லூரியிற் படித்த ஒருவர், ஐம்பதாண்டுக்கு மேலாக அதனைச் செய்துகாட்டிச் சென்றிருக்கின்றார். விடுமுறையில் வீட்டிற்குச் செல்லும்போது ‘மிஸ்ஸியம்மா’வை ஒருமுறை பார், அவர் பேசும் இடங்களை விட்டு, பிறர் பேசும்போது அவர் முகம் என் செய்கின்றது என்பதை மட்டும் கவனி. வரும் ஆண்டும் மேடைக்கு வா. நடுவராக அமரும் பேறு மறுமுறையும் எனக்குக் கிட்டுமாயின், துலாக்கோலைச் செம்மையாகப் பிடிப்பேன்.